மேல்மாடி காலியா?

இருபத்தைந்தாயிரம். இந்த எண்ணை மறக்காதீர்கள். வீட்டு விளக்கு எரிவது இருநூற்று முப்பது வோல்ட்டில். அதில் கை வைத்தவன் சில சமயம் உதறிக்கொண்டு எழுந்துவிடுவான். ரயில் பாதைக்கு மேலே தொங்குகிற செம்புக் கம்பியில் ஓடுவது இருபத்தைந்தாயிரம் வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை. பக்கத்தில் போனால் போதும், அதுவே வந்து தொட்டுவிடும்.

அந்தக் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டவர் ஒரு டீசல் எஞ்சின் ஃபிட்டர். எஞ்சின் பழுது பார்க்கும் ஷெட்டில் அவருக்கு ‘மேல்மாடி’ என்று பெயர். எஞ்சினின் கூரைதான் அவர் இடம். ரேடியேட்டர் விசிறி, புகைபோக்கி, ஹாரன் எல்லாம் அங்கேதான் இருக்கும். கீழே வேலை செய்பவன் தலையில் எண்ணெய் சொட்டும், மேலே நிற்பவனுக்குக் காற்று வரும் என்பது அவர் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஏறியவர், பிறகு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். சாப்பாட்டு டப்பா மேலே. செய்தித்தாள் மேலே. ஒரு வேலைநிறுத்தத்தின்போது மேலதிகாரியிடம் பேச்சுவார்த்தை நடத்தியதும் கூரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான். அதிகாரிக்குக் கழுத்து வலி வந்து பாதிக் கோரிக்கைகளை ஒத்துக்கொண்டார் என்று ஷெட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னால் கீழே நிற்பவன் தலையைத் தூக்கிக் கத்த வேண்டும்: “மேல்மாடி காலியா?” மேலே இருந்தவர் இறங்கியிருந்தால் “காலி” என்று பதில் சொல்வார். புத்தி மழுங்கியவனையும் மேல்மாடி காலி என்றுதானே சொல்கிறோம். அதனால் இந்தக் கேள்வியை யாரும் சிரிக்காமல் கேட்டதில்லை. “அது எப்பவோ காலி, நீ சாவியைத் திருப்பு” என்று பதில் வரும். அந்த ஷெட்டில் உயிருக்குப் பாதுகாப்பு என்பது இவ்வளவுதான். கத்து, பதில் வாங்கு, சாவியைத் திருப்பு. அப்படித்தான் கூரையின் பேர் ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது.

பிறகு கம்பம் நட்டார்கள். கம்பி இழுத்தார்கள்.

டீசலை விட்டு மின்சாரத்துக்குப் போவது என்ற முடிவில் தப்பில்லை. புகை கிடையாது. இழுவை அதிகம். எண்ணெய்க்கு எவன் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். தப்பில்லாத முடிவுகளில்தான் தொழிலாளி அதிகம் நசுங்குவான், ஏனென்றால் எதிர்த்துப் பேச வாய் இருக்காது. மின்சார எஞ்சினுக்குப் பராமரிப்பு குறைவு, ஆளும் குறைவு. ஷெட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் போதும் என்றது நிர்வாகம். மீதிப்பேர் எங்கே போவார்கள் என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கை காட்டியது.

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் மேல்மாடிதான். விடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார். ஒருவரையும் வெளியே அனுப்பக் கூடாது, எல்லோருக்கும் பயிற்சி, எல்லோருக்கும் மின்சார ஷெட்டில் வேலை என்று ஒப்பந்தம் வாங்கினார். நிர்வாகம் தன் பங்குக்கு ஒரே ஒரு வரி சேர்த்தது. பயிற்சி முடித்தவர் கொடுத்த வேலையை மறுக்கக் கூடாது. ஒருவர் மறுத்தாலும் கூரை வேலை மொத்தமும் ஒப்பந்தக்காரரிடம் போகும்.

கேட் கூட்டத்தில் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டு அவரே சொன்னார்: “கூரையில ஏறுன்னா எவன்பா மாட்டேன்னு சொல்லப் போறான்? நானா சொல்லப் போறேன்?”

விசில் பறந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

கம்பியில் மின்சாரம் விட்ட முதல் வாரம், ஷெட்டுக்கு வெளியே ஒரு டீசல் சரக்கு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடைத்துக்கொண்டிருந்தது. உதவி டிரைவர் கூரைமேல் ஏறினான். ஏறக் கூடாது என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தார்கள். அவனே அந்த ஊருக்கு வந்தபோது அதைப் படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தான். அவன் மூளைக்கு அது மறக்கவில்லை. காலுக்கு மறந்துவிட்டது. இத்தனை வருடம் ஏறிய கால் தானாக ஏறிவிட்டது. மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவன் உடலை இறக்கக் கை கொடுத்தவர்களில் மேல்மாடியும் ஒருவர். மேலே நின்று பார்த்தார். அவன் விழுந்த இடத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து போகிற அளவு இடம் இருந்தது.

அன்றோடு அவர் கால் செத்துவிட்டது.

பயிற்சி வகுப்பில் எழுத்துத் தேர்வெல்லாம் தேறிவிட்டார். வகுப்பில் ஏறிப் பழக வைத்திருந்த எஞ்சினுக்கு மேலே கம்பி இல்லை. புது ஷெட்டில்தான் இருந்தது. முதல் நாள் அவருடைய கூரை முறை. அந்தப் பாதைக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற எர்த் கம்பியை மாட்டி, பூட்டு எல்லாம் போட்டாகிவிட்டது. செத்த கம்பி. துணி உலர்த்தலாம். அவர் ஏணியில் ஏறி, கூரையில் ஒரு காலை வைத்தார். பக்கத்துப் பாதைக் கம்பியில் மின்சாரம் இருந்தது. அதன் முனகல் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. இறங்கிவிட்டார்.

“பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன், தலை சுத்துது” என்றார்.

“உனக்கு ஏதுடா பிரஷர்? நீ அடுத்தவனுக்குல்ல குடுப்ப” என்றான் மைக்செட்.

மைக்செட் அவருடைய கூட்டாளி. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஊர்வலத்தில் கோஷம் போட அவனைத்தான் முன்னால் விடுவார்கள், வாடகைக்கு ஒலிபெருக்கி எடுக்க வேண்டியதில்லை. அவன் சிரித்துக்கொண்டே கேட்டானே தவிர, கூட்டாளியின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டான். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

குடியிருப்பு ரயில்வேயுடையது. ரெண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு ஆள் திரும்ப மட்டும் இடமுள்ள சமையலறை. கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கம்பம். ஜன்னல் உயரத்துக்கே கம்பி. அவர் வீட்டுக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது. மனைவி அதன் அருகில்தான் தையல் மெஷினைப் போட்டிருந்தார்.

“வேகுது. திறங்க அதை.”

“தூசி வருது.”

“டீசல் புகை வந்து சுவரெல்லாம் கருத்தப்போ திறந்து வெச்சிருந்தீங்க. இப்போ புகையே இல்ல, தூசி வருதாம்.”

அவர் ஜன்னல் கொக்கியை இழுத்து மாட்டினார். மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளன். புது பைக், புது செல்போன், பழைய சிரிப்பு.

“எங்க முதலாளி ஆளை ரெடியா வெச்சிருக்கார் மாமா. உங்காளு ஒருத்தன் முடியாதுன்னு சொல்லட்டும், மறுநாள் காலைல எங்க ஆளுங்க கூரையில நிப்பாங்க.”

“எவனும் சொல்ல மாட்டான் மாப்ள.”

“நீங்க இருக்குற வரைக்கும் சொல்ல மாட்டான். அதான் அவருக்கு உங்க மேல காண்டு.”

“உங்க முதலாளி ஆளுக்கு என்ன குடுக்கறார்?” என்று மெஷினை நிறுத்தாமலே கேட்டார் அக்கா.

“மாமா வாங்குறதுல மூணுல ஒரு பங்கு.”

“அதுலயும் நீ எவ்வளவு கடிப்ப?”

“அக்கா, நான் உன் தம்பி.”

“அதனாலதான் கேக்குறேன்.”

அவன் சிரித்தான். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னான்: “பயிற்சி கியிற்சியெல்லாம் ரெண்டு நாள்தான் மாமா. ஆனா ஏறிருவாங்க. பயப்படுறதுக்கு அவங்களுக்கு வசதி இல்ல.”

அவன் பைக் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு மனைவி மெஷினை நிறுத்தினார்.

“நீங்க பயப்படுறீங்களா?”

“கதவைச் சாத்து.”

“கதவு சாத்தித்தான் இருக்கு. ஜன்னலும் சாத்தித்தான் இருக்கு. இன்னும் எதைச் சாத்தறது?”

அவர் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லை என்று டாக்டர் சான்று வாங்கலாம், ஆனால் அப்படி ஒதுங்குவதும் மறுப்புக் கணக்கில் சேரும். முன்கூட்டியே ஓய்வு கேட்டாலும் அதே கணக்கு, கூடவே குடியிருப்பும் போகும். வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாம், ஆனால் எங்கே போனாலும் கம்பி முன்னால் போய் நிற்கிறது. டீசல் மிச்சமிருக்கிற பாதையே இல்லை. நிர்வாகம் தப்பிக்க ஓட்டை வைத்துவிடக் கூடாது என்று ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துக் கட்டியவர் அவர். நன்றாகவே கட்டியிருந்தார். அவராலேயே வெளியே வர முடியவில்லை.

மைக்செட்தான் வழி சொன்னான்.

“உன் கூரை முறைய நான் பாத்துக்கறேன். எஞ்சினுக்கு அடியில என் குழி வேலைய நீ பாரு. வெளியில தெரியக் கூடாது, அவ்வளவுதான்.”

“பூட்டு இருக்கேடா.”

“உன் பூட்டையே மாட்டு.”

இந்தப் பூட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மின்சார ஷெட்டில் கத்தலுக்கும் பதிலுக்கும் மதிப்பு கிடையாது. கம்பிக்கு மின்சாரம் விடுகிற ஸ்விட்ச் ஒரு பெரிய இரும்புக் கைப்பிடி. அதில் ஒரு தகடு, தகட்டில் வரிசையாக ஓட்டைகள். கூரையில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஏறும் முன்னால் ஒரு ஓட்டையில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் கைப்பிடி நகராது. மேலே இருப்பவன் உயிர் அவன் பையிலேயே இருக்கும். பூட்டில் அவரவர் பெயர் வெட்டியிருக்கும். கடைசிப் பூட்டு மேற்பார்வைப் பொறியாளருடையது. அவர் ஏணியில் ஏறித் தன் கண்ணால் கூரையைப் பார்த்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

ஆக, முறைப் பலகையில் மேல்மாடியின் பெயர். ஸ்விட்ச்சில் மேல்மாடியின் பூட்டு. கூரையில் மைக்செட். அவனுடைய பூட்டு அவன் பெட்டியில் தூங்கியது. வேலை முடிந்ததும் அவன் இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து ஒரு செருமல் செருமுவான். மேல்மாடி போய்ப் பூட்டை எடுப்பார். மூன்று வாரம் இப்படி ஓடியது. டீசல்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டாளிக்குக் கூட்டாளி முறை மாற்றிக்கொள்வது அந்த ஷெட்டில் மூச்சுவிடுவது மாதிரி. அதில் ஒரு தப்பும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொறியாளர் ஒரு பெண். மின்சாரப் பக்கத்திலிருந்து வந்தவர், வயது கம்மி. டீசல்காரர்களோடு ஒட்ட வேண்டும் என்று அவர்களுடைய பேச்சைப் பழகிக்கொண்டார். பழகக் கூடாத ஒன்றையும் பழகிக்கொண்டார்.

ஒரு மத்தியானம், அடுத்த எஞ்சின் வெளியே காத்திருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனுக்கு மேல் போன். மேல்மாடி குழிக்குள் பிரேக் கட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். மைக்செட் கூரையில் பாண்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பியை உரசி மின்சாரம் வாங்குகிற இரும்புக் கைதான் பாண்டோ. பொறியாளர் போனைக் காதில் வைத்தபடி ஸ்விட்ச் பக்கம் வந்தார்.

“மேல்மாடி” என்று கூப்பிட்டார்.

கூப்பிட்டால் வருவதுதானே. இவர் குழியிலிருந்து ஏறி வந்தார்.

“மேல்மாடி காலியா?”

முப்பது வருடம் பழகிய வாய். கேள்வி விழுந்தால் பதில் விழுந்துவிடும்.

“காலி மேடம்.”

சொல்லிக்கொண்டே கை பைக்குள் போனது. சாவியை எடுத்தது. பூட்டைத் திறந்து கழற்றியது. பொறியாளர் ஏணியைப் பார்க்கவில்லை. எர்த் கம்பியை எடுக்கச் சொல்லி ஒருவனிடம் கை காட்டினார். அவன் எடுத்தான். பொறியாளர் தன் பூட்டையும் எடுத்தார். கைப்பிடியில் கை வைத்தார்.

அப்போது மேலிருந்து பாட்டு வந்தது. அது பாட்டுக்கூட இல்லை, பழைய ஊர்வலக் கோஷத்தை மைக்செட் மெதுவாக இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தான். அவனுடைய மெதுவே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மேல்மாடிக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்த நேரமும் இல்லை. தகட்டில் காலியாக இருந்த ஓட்டையில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்தார். பூட்டு இருந்த இடத்தில் விரல். பொறியாளர் அழுத்திய கைப்பிடி கொஞ்சம் இறங்கி, விரலில் முட்டி, எலும்பில் நின்றது.

“என்ன பண்றீங்க அண்ணே?”

“மேல ஆள் இருக்கு.”

“மேல நீங்கதானே? நீங்கதான் இங்க நிக்கறீங்களே.”

“நான் இல்ல மேடம். மேல ஆள் இருக்கு.”

அவர் கைப்பிடியைத் தூக்கினார். இவர் விரலை எடுக்கவில்லை. மைக்செட் இறங்கி வரும்வரை எடுக்கவில்லை. அவன் வந்து, தகட்டையும் விரலையும் அதில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தான், எர்த் கம்பி கழற்றிக் கிடப்பதைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பொறியாளர் அறையில் ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு மேல்மாடி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். உதவி டிரைவரைச் சொன்னார், பல்லில் கேட்ட முனகலைச் சொன்னார், மூன்று வாரத்தைச் சொன்னார். மனைவியிடம்கூடச் சொல்லாததை, மகள் வயதுள்ள ஒரு அதிகாரியிடம் சொன்னார்.

பொறியாளர் அவர் கைகளைப் பார்த்தார்.

“உங்க கையில கிரீஸ் இருந்துச்சு அண்ணே. கூரை வேலையில கிரீஸ் ஏது? நான் பாத்தேன். பாத்தும் கேக்கல. ஏணியிலயும் ஏறல. போன்ல திட்டிட்டு இருந்தாங்க.”

“தப்பு என்னோடது மேடம்.”

“அது பங்கு போட்டாச்சு, விடுங்க. இப்போ நான் அறிக்கை எழுதணும். நீங்க பயந்து ஆளை மாத்திவிட்டீங்கன்னு எழுதினா அதுக்குப் பேரு மறுப்பு. நாளைக்கே ஒப்பந்தக்காரன் உள்ள வந்துருவான். பூட்டு விதிய மீறிட்டோம்னு எழுதினா நம்ம மூணு பேருக்கும் தண்டனை. அதோட முடிஞ்சிரும்.”

“ரெண்டாவதை எழுதுங்க.”

“எழுதறேன். ஆனா பொய்யா எழுத மாட்டேன். நாளைக்குக் காலைல கூரையில நீங்க நிக்கணும். உங்க பூட்டோட.”

“முடியலன்னா?”

“அது என் காதுல விழல அண்ணே.”

வெளியே மைக்செட் குழாயடியில் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவி, மறுபடி கழுவி, சட்டையெல்லாம் ஈரம்.

“உனக்காக இனிமே ஏற மாட்டேன்டா.”

“ஏற வேணாம்.”

“எனக்காகவும் ஏற முடியுமான்னு தெரியல.” பிறகு கேட்டான்: “நான் ஏன் மேல பாடுறேன்னு நினைச்ச? சந்தோஷத்துலயா?”

மேல்மாடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனுக்கும் பயம். மூன்று வாரமாகத் தன் பயத்தோடு சேர்த்துக் கூட்டாளியின் பயத்தையும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறான். இன்னும் எத்தனை பேரோ. கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. கேட்டால் ஒருவனாவது ஆமாம் என்று சொல்லிவிடுவான், அந்த ஒரு ஆமாம் போதும்.

“என்ன கட்டு?” என்று வீட்டில் மனைவி கேட்டார்.

“கதவுல நசுங்கிடுச்சு.”

“எந்தக் கதவு?”

“ஷெட்டு கதவு.”

மனைவி தட்டை எடுத்து வந்தார். சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் இடது கையில் வைத்தார்.

மறுநாள் காலை மேல்மாடி தன் பூட்டைத் தானே மாட்டினார். சாவியைப் பையில் போட்டார். பையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். ஏணியில் ஏறினார். கூரையில் நிற்க முடியவில்லை, முட்டி போட்டார். முட்டி போட்டபடியே, பாண்டோவைத் தாங்குகிற பீங்கான்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பக்கத்துப் பாதையின் முனகல் பல்லில் கேட்டது. பயம் போய்விட்டது, துணிச்சல் வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. ஒரு பீங்கானுக்கும் அடுத்த பீங்கானுக்கும் நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கியபோது பேண்ட் முட்டி நனைந்திருந்தது, வியர்வை அப்படி. பொறியாளர் ஏணியில் ஏறி, காலிக் கூரையைத் தன் கண்ணால் பார்த்து, பிறகுதான் தன் பூட்டை எடுத்தார். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்று பேருக்கும் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. மைக்செட் தன் முறை வந்தால் ஏறுகிறான், வாயைத் திறப்பதில்லை. “மேல்மாடி காலியா” என்று ஷெட்டில் கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மச்சினன் அதன்பிறகு ரெண்டு தடவை வந்து, ஆள் எடுக்கிற பேச்சை எடுக்காமலே போனான். கூடத்து ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது.

மேல்மாடி சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் போனார். பயப்படுகிறவனுக்குக் கீழே வேலை கொடுங்கள், மற்றவன் ஏறட்டும், அதற்காக எல்லோர் கழுத்திலும் கத்தி வைக்காதீர்கள் என்றார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார்.

“பயப்படுறவங்க யாராவது இருக்காங்களா? பேர் சொல்லுங்க, பாத்துடலாம்.”

மேல்மாடி டீயைப் பார்த்தார்.

“யாரும் இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு அந்த வரிய எடுக்கணும்?”

அதிகாரி புள்ளிவிவரத் தாளைத் திருப்பிக் காட்டினார். மின்சார ஷெட் தொடங்கிய நாளிலிருந்து கூரை வேலையை மறுத்த ஊழியர்களின் எண்ணிக்கை அதில் அச்சாகியிருந்தது.

பூஜ்யம்.